புதுப்பிப்பு: இத்தாலியின் ஃபுளோரன்ஸ் பழைய நகரின் உயர்தர உணவகங்கள்

முந்தைய பதிவில் இந்த உணவகங்களில் முன்பதிவு செய்வது, அங்கே போய்ச் சேர்வது பற்றி மட்டுமே எழுதியிருந்தேன். பில், சைவம் இரண்டையும் பற்றித்தான் அதிகம் கேட்டிருந்தீர்கள். அதற்கு முன் ஒரு திருத்தம்: வாடகைக் காரை வாசல் வரை ஓட்டிப் போகலாம் என்று அதில் எழுதியது தவறு. பழைய நகரின் பெரும்பகுதி 'ஸெட்டிஎல்' என்ற வாகனக் கட்டுப்பாட்டுப் பகுதி. நுழையும் இடத்திலேயே கேமரா நம்பர் பிளேட்டைப் பிடித்துவிடும். அபராதம் மாதங்கள் கழித்துக்கூட வீடு தேடி வரும். டாக்ஸியில் போங்கள்.

பில்லில் ஆளுக்கு இவ்வளவு என்று வரும் 'கோபெர்த்தோ' ரொட்டிக்கும் மேசைக்குமானது, டிப்ஸ் அல்ல. 'செர்விட்ஸியோ' என்று தனி வரி இருந்தால் டிப்ஸ் வைக்கத் தேவையில்லை.

பலர் ஏமாறுவது பிஸ்டெக்காவில், அதாவது எலும்போடு சுட்ட தடித்த மாட்டிறைச்சித் துண்டில். மெனுவில் உள்ள விலை ஒரு 'எத்தோ'வுக்கு, அதாவது 100 கிராமுக்கு. 7 யூரோ என்று போட்டிருந்து, வருவது 1.2 கிலோ துண்டு என்றால் 84 யூரோ. எலும்போடு, பச்சையாக நிறுத்த எடை அது. சமைக்குமுன் துண்டைக் காட்டுவார்கள். எடையை அப்போதே கேளுங்கள். உள்ளே சிவப்பாகத்தான் வரும், நன்றாக வேகவைக்கச் சொன்னால் முகம் சுளிப்பார்கள்.

சைவ உணவுக்காரர்களுக்கு: பார்மிஜானோ சீஸில் பாலைத் திரிய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பை நொதி. இந்த உணவகங்களின் கணக்கில் அதுவும் சைவம்தான். ரிசோத்தோ என்ற குழைவான அரிசி உணவு, காளான் போட்டதாகவே இருந்தாலும், இறைச்சிச் சாற்றில் வெந்திருக்கலாம். இரண்டையும் முன்பதிவு மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். சமையலறையே தேர்ந்தெடுத்து வரிசையாகத் தரும் டேஸ்டிங் மெனுவைப் பெரும்பாலும் மேசையில் எல்லோருமே எடுக்க வேண்டியிருக்கும். உட்கார்ந்தபின் சொன்னால் மாற்றுத் தட்டு கிடைப்பது சமையலறையின் கருணை.