பம்பாயில் கடல் எங்கே இருக்கிறது? முட்டிவலி உள்ள அம்மாவை எந்தக் கரைக்கு அழைத்துப் போகலாம்?

ஆண்டாப் ஹில் குடித்தனக்காரி கேட்கிறார்:

அம்மா தூத்துக்குடியிலிருந்து வந்து இருபது நாளாகிறது. வயது 71. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. சமதளம் என்றால் பத்து நிமிடம் நடப்பார், அதற்குள் உட்கார ஓர் இடம் வேண்டும். படியைக் கண்டால் முகமே மாறிவிடும். நாங்கள் இருப்பது ஆண்டாப் ஹில் அரசுக் குடியிருப்பில், நல்லவேளை தரைத்தளம்.

போன ஞாயிறு வடாலாவில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். பதினான்காவது மாடி. பால்கனியில் நின்று கிழக்கே பார்த்தவர், “அது உப்பளம்தானே?” என்றார். ஆமாம் என்றேன். “உப்பளம் இருந்தால் பக்கத்தில் கடல் இருந்தாக வேண்டும். நீ ஏன் கடல் பார்க்க மேற்கே டாக்சி பிடித்துப் போக வேண்டும் என்கிறாய்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பதினாறு வருடமாக இங்கே இருக்கிறேன், வெட்கமாகத்தான் இருந்தது.

மரைன் டிரைவ், புதிய கோஸ்டல் ரோடு நடைபாதை, பாந்த்ரா கார்ட்டர் ரோடு, இந்த மூன்றில் அம்மாவுக்கு எது ஒத்துவரும்? உட்கார இடம், கழிப்பறை, வண்டியிலிருந்து இறங்கி எவ்வளவு நடக்க வேண்டும் என்பதைச் சொன்னால் போதும். அம்மாவின் கேள்விக்கும் யாராவது பதில் சொன்னால் நன்றி.

மாட்டுங்கா காபிக்கடை:

கண்ணை மூடிக்கொண்டு மரைன் டிரைவ். அந்தக் கட்டைச் சுவரின் உயரம் முட்டிவலிக்காரர்களுக்கென்றே அளந்து கட்டியது போல இருக்கும். குனியவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம். கடலைப் பார்த்துக் காலைத் தொங்கவிடத்தான் ஆசை வரும், ஆனால் கீழே அலையைத் தடுக்கப் போட்ட கான்கிரீட் டெட்ராபாட் கற்கள், அது வேண்டாம். சாலையைப் பார்த்து உட்கார்ந்து கழுத்தைத் திருப்பிக்கொள்ளட்டும்.

ஒரு சூட்சுமம். டாக்சியைத் தெற்கு முனையான நரிமன் பாயின்ட் வரை போய்த் திரும்பி வரச் சொல்லுங்கள். வடக்கு முனையான சௌபாட்டி பக்கம் போகிற வண்டிகள்தான் கடலோரமாக ஓடும், இறங்கினால் நேரே நடைபாதை. எதிர்த் திசையில் இறங்கினால் அத்தனை அகலச் சாலையைக் கடக்க வேண்டும், சிக்னல் அம்மாவுக்காகக் காத்திருக்காது. மெட்ரோ என்றால் தாதரில் ஏறிச் சர்ச்கேட்டில் இறங்குங்கள், லிப்ட் இருக்கிறது. ஐந்தரை மணிக்கு முன்னால் போகாதீர்கள். நிழல் கிடையாது, சுவர் தோசைக்கல்லாகக் கொதிக்கும்.

பாந்த்ராவும் மோசமில்லை. மரம் இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது, அந்தப் பக்கம் ஆட்டோவும் ஓடும். கட்டட இடிபாடு கொட்டிக் கிடந்த கரையை அந்தப் பகுதிக் குடியிருப்போர் சங்கங்களும் கட்டடக் கலைஞர் பி.கே. தாஸும் சேர்ந்து நடைபாதையாக மாற்றினார்கள். ஆனால் ஆண்டாப் ஹில்லிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் அம்மாவுக்குத் தூக்கம் வந்துவிடும்.

வொர்லி அலுவலகவாசி:

கோஸ்டல் ரோடு நடைபாதையை அம்மாவுக்குச் சொல்ல மாட்டேன். எனக்கு அது பிடிக்கும், அது வேறு. பிரியதர்ஷினி பூங்காவிலிருந்து வொர்லி வரை ஏழரைக் கிலோமீட்டர் திட்டம், பெரும்பகுதியை 2025 ஆகஸ்டில் திறந்தார்கள். இருபது மீட்டர் அகலம். காற்று அள்ளிக்கொண்டு போகும். ஆனால் ஊருக்கும் நடைபாதைக்கும் நடுவே அந்தச் சாலை ஓடுகிறது. கார்களுக்கு 80 கிலோமீட்டர் வேகம் அனுமதி. சுரங்கப்பாதை வழியாகத்தான் உள்ளே போக முடியும், அதே மாதிரி ஒன்றைத் தேடித்தான் வெளியே வர முடியும். நான் முதல் முறை போனபோது ஒரு சுரங்கத்தில் நுழைந்து, அடுத்த சுரங்கம் வருவதற்குள் அலுவலகச் செருப்பில் இரண்டு குதிகாலும் கொப்பளித்துவிட்டன. மரங்கள் என் இடுப்பு உயரம்கூட இல்லை. முதுகுக்குப் பின்னால் கார் இரைச்சல் அலையோசையை விழுங்கிவிடுகிறது.

அந்தச் சாலைக்காகக் கடலைத் தூர்த்த நிலத்தில் வீடோ கடையோ கட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு வரிதான் எனக்கு ஆறுதல்.

சிவ்ரி பழைய குமாஸ்தா:

அம்மா, முதலில் உங்கள் தாயாருக்கு என் வணக்கம். சரியான இடத்தில் விரல் வைத்துவிட்டார்.

நான் 1978இல் நாங்குநேரியிலிருந்து வந்தவன். சுங்கத் தரகர் ஒருவரிடம் குமாஸ்தா வேலை. முப்பத்தொரு வருடம் தினமும் பாஸ் காட்டித் துறைமுகத்துக்குள் போனேன். கப்பல், கிரேன், ஈரச் சாக்கு நாற்றம், கடல், எல்லாம் எனக்குக் கிடைத்தன. சாயங்காலம் வெளியே வந்தால் பி. டிமெல்லோ ரோட்டில் துறைமுக மதில். அதன் ஓரமாக டீ விற்ற திருநெல்வேலிக்காரருக்குக் கடல் இருப்பது காதால்தான் தெரியும், கப்பல் ஊதும்போது. என் மகனுக்குக் கப்பல் காட்ட ஆசை. பாஸ் இல்லாதவரை உள்ளே விட மாட்டார்கள், வேலை நடக்கும் இடத்தில் அது நியாயம்தான். அதனால் மரைன் டிரைவுக்கு அழைத்துப்போய், தூரத்தில் புள்ளியாகத் தெரிந்த ஏதோ ஒன்றைக் கப்பல் என்று காட்டினேன். அப்பனுக்குச் சோறு போட்ட கப்பல் ஊரின் கிழக்கே நிற்கிறது, பிள்ளைக்குக் காட்டியது மேற்கே. இன்றைக்கும் அவன் அதைச் சொல்லிச் சிரிப்பான்.

கிழக்குக் கரையில் கடல் ஏன் கண்ணில் படுவதில்லை என்றால், அது 150 வருடக் கதை. கப்பல் நிற்கும் டாக்குகள் ஒவ்வொன்றாகத் திறந்தார்கள்: சசூன் டாக் 1875, பிரின்ஸ் டாக் 1880, விக்டோரியா டாக் 1888, அலெக்சாண்ட்ரா டாக் 1914. கடைசியாகச் சொன்னதற்குத்தான் இப்போது இந்திரா டாக் என்று பெயர். கொலாபாவிலிருந்து வடாலா வரை கரையோரம் சுமார் 1,800 ஏக்கர் துறைமுகத்தின் கையில். கிடங்கு, ரயில் தண்டவாளம், எண்ணெய்த் தொட்டி, லாரி நிற்கும் இடம். 1989இல் அக்கரையில் நாவா ஷேவா துறைமுகம் திறந்த பிறகு கன்டெய்னர் சரக்கு மெல்ல அங்கே போய்விட்டது. பிரின்ஸையும் விக்டோரியாவையும் மண் போட்டு மூடியே விட்டார்கள். 1944 ஏப்ரல் 14 அன்று வெடிமருந்துக் கப்பல் வெடித்தது அந்த விக்டோரியா டாக்கில்தான்.

மிச்ச நிலத்தை என்ன செய்வது என்று 2014இல் துறைமுகத்தின் முன்னாள் தலைவர் ராணி ஜாதவ் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 2018 கடைசியில் ஒரு வரைவுத் திட்டமும் வந்தது. பூங்கா, கடலோர நடைபாதை, படகுத்துறை என்று பச்சை நீல மையில் படங்கள். படத்தில் எல்லோரும் பலூன் வைத்திருந்தார்கள். எனக்கு இந்தப் படங்கள் மேல் நம்பிக்கை குறைவு, காரணம் பரேல் பக்கத்துப் பஞ்சு மில் நிலம். 1996இல் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியாவின் குழு சொன்னதும், அன்றைய விதி சொன்னதும் ஏறக்குறைய ஒன்றுதான்: மூடிய மில் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு ஊருக்குப் பூங்கா, மைதானம். 2001இல் விதியில் ஒரு சின்னத் திருத்தம் செய்தார்கள். மொத்த நிலத்தில் பங்கு என்பது, கட்டடம் இல்லாத காலி நிலத்தில் மட்டும் பங்கு என்று ஆனது. மில் என்றால் எல்லாம் கட்டடம்தானே, காலி நிலத்துக்கு எங்கே போவது? பரேல் பக்கம் போய்ப் பாருங்கள், கண்ணாடிக் கோபுரம் எத்தனை, குழந்தை ஓடியாடப் புல்தரை எத்தனை என்று. ஆகவே கிழக்குக் கரைக்குத் திட்டம் வந்தால் நான் படத்தைப் பார்க்க மாட்டேன். விதியில் ‘மொத்த’ என்று இருக்கிறதா, ‘காலி’ என்று இருக்கிறதா என்றுதான் கண்ணாடி போட்டுப் படிப்பேன். குமாஸ்தா புத்தி.

வொர்லி தம்பி சொல்லாமல் விட்ட ஒன்று. அந்தக் கோஸ்டல் ரோட்டுப் பாலத்தின் தூண்களுக்கு நடுவே முதலில் 60 மீட்டர்தான் இடைவெளி விட்டிருந்தார்கள். அலையடிக்கும் நாளில் படகு தூணில் மோதும் என்று வொர்லி கோலிவாடா மீனவர்கள் கரையிலும் கடலிலும் மறித்து நின்றார்கள். 160 மீட்டர் கேட்டார்கள், கடைசியில் ஒரு தூணை விட்டுவிட்டு 120 கொடுத்தார்கள். கிழக்கிலும் மீனவர் குடியிருப்புகள் உண்டு. நடைபாதை போடும்போது வலை உலர்த்தும் இடத்தில் ரோஜாச் செடி வைத்துவிடக் கூடாது.

இப்போது உங்கள் அம்மா. சிவ்ரி படகுத்துறைக்கு அழைத்து வாருங்கள். நவம்பர் கடைசியிலிருந்து மே வரை பிளமிங்கோக்கள், அதாவது பூநாரைகள், சேற்றில் தலையை விட்டு மேய்ந்துகொண்டிருக்கும், மேலே நவி மும்பைக்குப் போகும் அடல் சேது பாலம் நீட்டிக் கிடக்கும். ஸ்டேஷனிலிருந்து நடக்க வேண்டாம், லாரிப் புழுதி. டாக்சியில் கடைசி வரை வாருங்கள். உட்கார இடம் இல்லை, கழிப்பறை இல்லை, சேறு நாறும். நான் மடக்கு நாற்காலி கொண்டுபோவேன், உங்களுக்கும் ஒன்று கொண்டுவருகிறேன். நீர் வற்றும் நேரம் பார்த்து வர வேண்டும், முழு ஏற்றத்தில் பறவைகள் தள்ளிப் போய்விடும். துறைமுகம் முழுக்கப் பார்க்க ஆசையென்றால் பாவுச்சா தக்கா படகுத்துறையில் அக்கரை மோராவுக்குப் போகும் படகு ஏறலாம், ஆனால் அங்கே படி உண்டு. வேண்டாம்.

ரே ரோடு பையன்:

பெரியவர் சொல்வதைக் கேட்டால் துறைமுகம் செத்துப்போன மாதிரி இருக்கிறது. துறைமுகத்தின் ஜவாஹர் தீவில் எண்ணெய்க் கப்பல் இன்றும் வருகிறது, இரும்பு வருகிறது, கார் ஏற்றுமதி ஆகிறது. என் அப்பா அங்கேதான் வேலை செய்கிறார். எல்லாவற்றையும் பூங்காவாக்கிவிட்டால் நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து சுண்டல் தின்றே பிழைக்க வேண்டியதுதான்.

சிவ்ரி பழைய குமாஸ்தா:

தம்பி, நியாயம். ஓடுகிற கப்பலை நிறுத்தச் சொல்லவில்லை, நானும் அந்த உப்பைத் தின்றவன். துருப்பிடித்த தகரக் கொட்டகைக்கு முன்னால் பத்து வருடமாகப் பூட்டுத் தொங்குகிற கேட்டைத்தான் சொல்கிறேன். அதில் நாலைந்தைத் திறந்து, தண்ணீர் வரை ஒரு பாதை, இரண்டு பெஞ்சு, ஒரு கழிப்பறை. அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், எந்தக் கேட் என்று அவரே சொல்வார்.

ஆண்டாப் ஹில் குடித்தனக்காரி:

அனைவருக்கும் நன்றி. இரண்டு இடமும் போய் வந்தோம்.

மரைன் டிரைவில் டாக்சி சூட்சுமம் பலித்தது. அம்மா சுவரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், கடலைவிட எதிரே இருந்த வட்ட வட்ட பால்கனிக் கட்டடங்களைத்தான் அதிகம் பார்த்தார். “கூட்டம் நன்றாக இருக்கிறது” என்றார், அவ்வளவுதான்.

சிவ்ரியில் வேறு ஆளாகிவிட்டார். ஐயா கொண்டுவந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் மூக்கை உறிஞ்சி, “நம் ஊர் வாடை” என்றார். பறவைகளைச் சட்டை செய்யவில்லை. சேற்றில் சாய்ந்து கிடந்த ஒரு படகைக் காட்டி, அதன் அடிப்பலகை எந்த மரம், யார் செய்தது என்று அங்கே வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தவரிடம் தமிழிலேயே கேட்டார். அவர் மராத்தியில் பதில் சொன்னார். ஐயா இடையில் புகுந்து மொழிபெயர்க்கப் பார்த்தார், இரண்டு பேருமே அவரைக் கண்டுகொள்ளவில்லை.

ஒரே சிரமம் கழிப்பறை. நாற்பது நிமிடத்தில் கிளம்ப வேண்டியதாயிற்று. அடுத்த ஞாயிறும் போக வேண்டும் என்கிறார். ஐயா, அன்று காலை எத்தனை மணிக்குத் தண்ணீர் வற்றும்?