யு.கே.ஜி. வரைக்கும் காப்பி நோட்டே வேண்டாமாம். இது சரிதானா?

பாலக்கோடு அப்பா:
மகள் படிக்கும் பள்ளியில் இந்த வருஷத்திலிருந்து யு.கே.ஜி. வரை காப்பி நோட்டு, டிக்டேஷன் இரண்டும் கிடையாது. பிள்ளைகளே தொட்டுப் பார்த்து, கேள்வி கேட்டுக் கற்றுக்கொள்ளுமாம். ஆறு மாசம் ஆச்சு. களிமண்ணில் மாடு செய்கிறாள், எறும்பு பின்னாடியே போகிறாள். ‘அம்மா’ எழுதச் சொன்னால் முழிக்கிறாள். பக்கத்து வீட்டுப் பையன் அதே வயசு, பேப்பர் தலைப்பை எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். தக்காளியை அடிமாட்டு விலைக்குக் கொடுத்த வருஷத்திலும் ஃபீஸ் பாக்கி வைக்காதவன் நான். வயிறு எரியுது.

பென்னாகரம் டீச்சர்:
ஐயா, களிமண் பிசைகிற விரலுக்குத்தான் பென்சில் பிடிக்கிற வலு வரும். அது வீண் வேலை இல்லை.

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஈரத்துணியில் ராகி கட்டி வைத்தோம். ரெண்டாம் நாள் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. ஒரு பையன், “மிஸ், மாவைப் போட்டா முளைக்குமா? களியைப் போட்டா?” என்றான். வீட்டில் தினமும் களி தின்கிற பிள்ளை. நான் பதில் சொல்லவில்லை. மூணு தேங்காய் ஓட்டில் ராகி, மாவு, களி மூன்றையும் வைத்தோம். ராகி வளர்ந்தது, மற்ற ரெண்டிலும் பூஞ்சை. “அரைச்சா செத்துடுது மிஸ்” என்று அவனே சொன்னான். அன்றைக்கு ‘ராகி’ என்ற ரெண்டு எழுத்தை யாரும் கேட்காமலே எல்லோரும் எழுதினார்கள்.

போச்சம்பள்ளி மாமா:
படிக்க நல்லா இருக்கு, டீச்சர். பிள்ளைகளே செய்து பார்த்துப் படிக்கிற செயல்வழிக் கற்றலை சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003ல் ஆரம்பித்து, 2007-08ல் மாநிலம் முழுக்கக் கொண்டு வந்தார்கள். பாட அட்டை, அடுத்து எதைப் படிக்கணும் என்று காட்டும் ஏணிப் படம், குழுவாக உட்காரப் பாய் எல்லாம் வந்தது. என் அண்ணன் மகன் அதில்தான் படித்தான். டீச்சருக்கு எல்லாக் குழுவையும் பார்க்க நேரமில்லை, அட்டையை அவனே எடுத்து அவனே அடுக்குவான். மூணாவது முடித்தும் வாசிப்பு வரவில்லை. அம்மா அப்பா பெங்களூரில் கட்டட வேலை, வீட்டில் பாட்டி மட்டும். அந்தப் பிள்ளை கேள்வி கேட்டால் யார் பதில் சொல்வது? வாய்ப்பாடாவது மனப்பாடமாக இருந்திருந்தால் கைகொடுத்திருக்கும்.

தேன்கனிக்கோட்டை அம்மா:
எங்கள் வீட்டில் தெலுங்கு. மகள் அங்கன்வாடியில் நாலு மாசம் வாயே திறக்கவில்லை. புளியங்கொட்டை எண்ணும்போது ஒன்று பாதியாக உடைந்து கிடந்ததாம். “இது ஒண்ணா, பாதியா?” என்று தமிழில் கேட்டாளாம். முதல் தமிழ் வாக்கியமே கேள்விதான்.

பாலக்கோடு அப்பா:
எல்லாம் சரிம்மா. ஒண்ணாம் வகுப்பு சேர்க்கையில் என் பிள்ளையை உட்கார வைத்து வாசிக்கச் சொல்வார்களே?

பென்னாகரம் டீச்சர்:
சேர்க்கைக்குத் தேர்வு வைக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. நடைமுறை வேறு, அது எனக்கும் தெரியும். ஆனால் உங்கள் பள்ளி ஆறு மாசமாக ஓர் எழுத்தைக்கூடக் காட்டவில்லை என்றால் அது தப்பு. 2022ல் 1 முதல் 3ஆம் வகுப்புக்குக் கொண்டு வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில்கூட அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, ஆட்டம் பாட்டத்தோடு எழுத்தும் சொல்லித் தருகிறோம். எழுத்தையே ஒதுக்கச் சொன்னது யார்? போய்க் கேளுங்கள்.

போச்சம்பள்ளி மாமா:
உங்கள் வகுப்பில் எத்தனை பிள்ளைங்க?

பென்னாகரம் டீச்சர்:
23.

போச்சம்பள்ளி மாமா:
எங்கள் ஊரில் அஞ்சு வகுப்புக்கும் சேர்த்து 52 பிள்ளைங்க, டீச்சர் ரெண்டே பேர். 60 வரைக்கும் ரெண்டு பேர் போதும் என்பதும் அதே சட்டம்தான். இதில் எந்தப் பிள்ளை என்ன கேட்டது என்று யார் காது கொடுப்பது?

பென்னாகரம் டீச்சர்:
ரெண்டு பேர் பத்தாது, அதில் உங்கள் கட்சிதான் நான். அதுவரைக்கும் ஒன்று செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஒண்ணாவது பிள்ளை கேட்கிற கேள்வியை நாலாவது பிள்ளை நோட்டில் எழுதட்டும். சாயங்காலம் டீச்சர் அந்த நோட்டைப் பார்த்தால் போதும். கேட்டவனுக்கும் காது கிடைக்கும், எழுதினவனுக்கும் டிக்டேஷன் ஆகிவிடும்.