இலங்கையின் போக்கைக் கண்டு குடும்பத்தோடு வெளியேறுவது சரியா?

தெஹிவளைவாசி கேட்கிறார்:

அனைவருக்கும் ஸலாமும் வணக்கமும். எனக்கு வயது 38; கட்டுமானத் துறையில் பணிபுரிகிறேன். மனைவி அரச பாடசாலையொன்றில் விஞ்ஞான ஆசிரியை. பிள்ளைகள் இருவர். 2022 இன் எரிபொருள் வரிசைகளையும் மின்வெட்டையும் சமாளித்து மீண்டுவிட்டோம் என்பதால், நான் கேட்கப்போவது வருமானம் பற்றியதன்று.

2014 இல் அளுத்கம, 2018 இல் திகன, 2019 இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின் மினுவாங்கொடை என்று முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் ஒவ்வொன்றாக எரிந்தபோதும், இது சில கும்பல்களின் வெறி, அரசின் கொள்கை அன்று என்றே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 2020 இல் அந்த ஆறுதலும் போயிற்று. உலக சுகாதார நிறுவனம் நல்லடக்கத்துக்கு இடமளித்திருந்தும், கோவிட்டால் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை எரித்தே ஆக வேண்டும் என்று வர்த்தமானியில் அறிவித்தது அரசுதான். பிறந்து 20 நாளான குழந்தைக்குக்கூட விலக்கு இருக்கவில்லை. மறு ஆண்டு 'ஒரே நாடு ஒரே சட்டம்' செயலணிக்கு, முஸ்லிம்களுக்கு எதிரான பேச்சுகளால் அறியப்பட்ட பொதுபல சேனா அமைப்பின் ஞானசார தேரரைத் தலைவராக நியமித்தார்கள்.

பிறகு ஆட்சி மாறியது. எரிப்புக்காக 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. அவ்வாண்டு நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159 ஐ வென்றபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால் அப்போது அமைந்த அமைச்சரவையில் ஒரு முஸ்லிம் அமைச்சரும் இல்லை. 2025 மார்ச்சில், இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டிய இளைஞர் ஒருவரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்து வைத்தார்கள். நீக்குவோம் என்று அவர்களே வாக்களித்திருந்த சட்டம் அது.

இந்தப் போக்கு ஒன்றையே காரணமாகக் கொண்டு கனடாவுக்குக் குடிபெயர்வது நியாயமா? "எங்கள் மையவாடி (அடக்கத்தலம்) இங்கேதான்" என்று சொல்லி வாப்பா பேச்சை முடித்துவிடுகிறார்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து ஸ்காபரோவிலிருந்து ஒரு பதில்:

தம்பி, நான் 1983 இன் பின் வெளியேறிய யாழ்ப்பாணத்தான். வீடு எரிந்த பிறகு புறப்பட்ட எங்களுக்கு 'போகலாமா' என்று யோசிக்க அவகாசம் இருக்கவில்லை, உங்களுக்கு இருக்கிறது. அந்த அவகாசத்தை ஒரு வசதியாகவே எண்ணுங்கள்.

நீங்கள் 2014 இலிருந்து கணக்கெடுக்கிறீர்கள். சிங்களம் மட்டும் சட்டம் 1956 இல் வந்தது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் 1972 அரசியலமைப்பில் எழுதப்பட்டு, 1978 இல் ஒன்பதாம் உறுப்புரையாகத் தொடர்ந்தது. நீங்கள் பிறக்கும் முன்பே திரும்பிவிட்ட போக்கு இது. ஆகவே 'நாடு எந்தத் திசையில் போகிறது' என்பதை விட, 'என் வீட்டு வாசலுக்கு எது வந்துவிட்டது' என்று கேட்பதுதான் உங்களுக்குப் பயன்படும் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. வந்து சேரும் நாட்டுக்கும் ஒரு போக்கு உண்டு. கியூபெக் மாகாணத்தில் 2019 இல் இயற்றப்பட்ட 21 ஆம் சட்டத்தின்படி, அரச பாடசாலை ஆசிரியர்கள் பணியின்போது மத அடையாளங்களை அணிய முடியாது. ஏற்கெனவே பணியிலிருந்தவர்கள் அதே பதவியில் இருக்கும்வரை மட்டுமே விலக்குப் பெற்றார்கள். உங்கள் மனைவி ஹிஜாப் அணிபவர் என்றால், மொன்றியலில் அவருக்கு அரச பாடசாலைக் கதவு மூடியே இருக்கும். ஒன்டாரியோவில் அப்படியான சட்டம் இல்லை. கனடா என்று பொதுவாகச் சொல்லாமல் மாகாணத்தின் பெயரைச் சொல்லித் திட்டமிடுங்கள்.

குடிவரவு ஆலோசனை அனுபவமுள்ள ஒருவர்:

சுருக்கமாகச் சொல்கிறேன். நாட்டின் போக்கில் உள்ள அதிருப்தி அகதி அந்தஸ்துக்குப் போதாது. இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறித்த சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல் ஆகிய ஐந்தில் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நன்கு நிறுவப்பட்ட அச்சத்தையே 1951 ஆம் ஆண்டு உடன்படிக்கை கேட்கிறது. ஆகவே நீங்கள் திறன்சார் குடிவரவு வழியில்தான் செல்ல வேண்டும். அங்கே கனடாவின் புள்ளிமுறையில் வயதுக்கான புள்ளிகள் 30 இலிருந்து குறையத் தொடங்கி 45 இல் இல்லாமற் போகின்றன. அரசியல் தெளியட்டும் என்று காத்திருப்பதற்கும் இப்படி ஒரு விலை உண்டு. கனடியக் குடியுரிமை பெறும் காலம் வந்தால், இலங்கைக் குடியுரிமையைத் தக்கவைக்கத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்காவிட்டால் அது போய்விடும்.

புத்தளத்திலிருந்து ஒரு சகோதரி:

ஸ்காபரோ ஐயா சொன்னதில் பாதியை ஏற்கிறேன். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணிநேரத்தில் வெளியேறச் சொன்னது கொழும்பு அரசு அன்று, விடுதலைப் புலிகள். வட மாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் அவ்வாறு விரட்டப்பட்டார்கள். அவர்களுள் சிறுமியாக நானும் இருந்தேன். எனவே அரசியலமைப்பின் உறுப்புரைகளை மட்டும் வைத்து ஆபத்தை அளக்க என்னால் முடியாது. சொந்த மொழியைப் பேசுகிறவர்களே துரத்திய அனுபவம், சொந்த நாட்டுக்குள்ளேயே பல ஆண்டுகள் 'இடம்பெயர்ந்தோர்' என்ற பெயரில் பங்கீட்டு அட்டையோடு வாழ்ந்த அனுபவம், இவை எனக்கு உண்டு. அதனால்தான், கௌரவமாகத் தானே தெரிந்து வெளியேறுவதை நான் குறையாகக் கருதுவதில்லை.

இருந்தும் நான் இங்கேயே இருக்கிறேன். எரிப்பை எதிர்த்துக் கொழும்பின் பொரளை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணி கட்டியவர்களில் சிங்களவர்களும் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள்; எரிப்பு ஆணை 2021 பெப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டதில் வெளிநாட்டு அழுத்தத்துக்கு இருந்த பங்கை மறுக்கவில்லை, ஆயினும் அந்த வேலியையும் கணக்கில் சேர்க்கிறேன். கவிதை எழுதியதற்காகக் கைதான அஹ்னாப் ஜஸீம் 2023 இல் குற்றமற்றவர் என்று நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிறையில் கழிந்த பிறகு கிடைத்த நீதி அது. அதை வெற்றி என்று கொண்டாட எனக்கு மனமில்லை, ஒன்றுமில்லை என்று தள்ளிவிடவும் மனமில்லை.

ஒரு சந்தேகம்: உங்கள் பதிவில் வாப்பாவின் கருத்து இருக்கிறது. மனைவி என்ன சொல்கிறார்?

தெஹிவளைவாசி:

அவர் இன்னும் முடிவுக்கு வராததால் எழுதவில்லை. நேற்றிரவு உங்கள் பதில்களை அவருக்கும் காட்டினேன். பயங்கரவாதத் தடைச் சட்டம் நீக்கப்பட்டு அதன் இடத்தில் எது வருகிறது என்பதுதான் அவருக்கு முக்கியம். பழையதே புதுப் பெயரில் வந்தால் போவோம் என்கிறார். அரச ஊழியர்கள் வெளிநாட்டில் வேலை செய்வதற்காக, சேவைமூப்பு பாதிக்காத வகையில் ஐந்து ஆண்டுவரை சம்பளமற்ற விடுமுறை பெற 2022 இல் வழி செய்யப்பட்டதையும் அவரே நினைவூட்டினார். அது இன்னும் நடைமுறையில் உள்ளதா என்று வலயக் கல்விப் பணிமனையில் விசாரிக்கப் போகிறார். நான் ஆங்கிலத் தேர்வுக்குப் பதிவு செய்கிறேன். ஸ்காபரோ ஐயா, ஒன்டாரியோவில் இலங்கை ஆசிரியர் பயிற்சியை அப்படியே ஏற்பார்களா, அல்லது மேலதிகமாகப் படிக்க வேண்டியிருக்குமா? அங்கே இந்த வழியில் போன யாரையாவது தெரிந்தால் கேட்டுச் சொல்லுங்கள்.