ஒன்பதாவது போனதும் மகன் வகுப்பில் வாயே திறப்பதில்லை

செல்வி:
எல்லோருக்கும் வணக்கம். என் மகன் எட்டாவது வரை எதற்கெடுத்தாலும் கை தூக்குகிற பிள்ளை, அறிவியல் வகுப்பில் நடந்ததைச் சாப்பிடும்போதுகூடச் சொல்லிக்கொண்டே இருப்பான். ஜூனில் ஒன்பதாவது போனான். அதே பள்ளி, அதே நண்பர்கள்தான், ஆனால் இப்போது எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்லம்மா" என்பதோடு சரி. மதிப்பெண் குறையவில்லை, அதனால் பள்ளியில் யாருக்கும் இது பிரச்சினையாகத் தெரியவில்லை. துருவிக் கேட்டதில், கணக்கு வகுப்பில் தப்பாகச் சொன்னால் பீரியட் முடியும்வரை நிற்க வேண்டுமாம். வயசு அப்படி என்கிறார் வீட்டுக்காரர். டியூஷனை மாற்றிப் பார்க்கலாமா, இல்லை பள்ளியில் போய்ப் பேசலாமா?

கணக்கு டீச்சர்:
டியூஷன் மாற்றி என்ன ஆகப்போகிறது சகோதரி? வாய் திறந்தால் நிற்க வேண்டும் என்று ஆகிவிட்டால் விடை தெரிந்த பிள்ளைகூடத் திறக்காது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்து 1970களில் எழுதினார்: கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக 1 நொடிதான். அதை 3 நொடிக்கு மேல் ஆக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். நான் அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன், கேள்வி கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பார் என்று விட்டுவிடுவேன், அப்புறம் "உங்க ரெண்டு பேருக்கும் என்ன வந்தது?" என்று கேட்டால் தப்பு ஒருவர் தலையில் விழாது. தப்பான விடையையும் போர்டில் எழுதி எந்த வரியில் வழுக்கியது என்று எல்லோரும் சேர்ந்து தேடுவோம், பெரும்பாலும் பிளஸ் மைனஸில்தான் மாட்டும்.

ராமு:
டீச்சர் சொல்வது சரிதான், ஆனால் அந்த வாத்தியாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பல பள்ளிகளில் ஒன்பதாவதிலேயே பத்தாவது பாடத்தைத் தொடங்கிவிடுகிறார்கள், பி.டி. பீரியட் காணாமல் போகிறது, ரிசல்ட் குறைந்தால் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் பதில் சொல்ல வேண்டியவர் அந்த ஆசிரியர்தான். அந்தப் பயத்தை அவர் வகுப்புக்குள் கொண்டுவருகிறார். தலைமையாசிரியர் மாறாமல் வகுப்பு மாறாது.

தமிழ்:
கண்டிப்பாகப் போய்ப் பேசுங்கள் அக்கா, ஆனால் அவனிடம் சொல்லிவிட்டுப் போங்கள், அம்மா வந்து புகார் சொன்னாள் என்று பேச்சு வந்தால் இன்னும் சுருங்கிவிடுவான். முதலில் வகுப்பாசிரியரைப் பாருங்கள், வேறு பிள்ளைகளின் பெற்றோர் யாராவது வந்தால் கூட்டிக்கொள்ளுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு 14 வயது வரையான பிள்ளைகளை அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. எடுத்த எடுப்பில் சட்டம் பேச வேண்டாம். பேசியும் நிற்கவைப்பது தொடர்ந்தால் கல்வித்துறையின் 14417 எண் இருக்கிறது.