பழைய சத்திரங்களைப் படம் எடுக்கப் போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தஞ்சாவூர் வண்டி:
ஒரத்தநாடு முக்தாம்பாள் சத்திரம். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டினது, இராமேசுவரம் போகிற யாத்ரீகர்களுக்கு என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்டுக்கு அவர் எழுதிய கடிதத்தில், எங்கள் சத்திரங்களில் சாப்பாடு மட்டுமில்லை, நோயாளிக்கு மருந்து, அநாதைப் பிள்ளைகளுக்குப் படிப்பும் உண்டு என்று சொல்வார். நான் போனது பக்கவாட்டுச் சுவரில் சக்கரமும் குதிரையும் வைத்துத் தேர் மாதிரி செதுக்கியிருக்கிறார்களே, அதற்காக மட்டும். குதிரையை ஃபிரேமில் வைத்துவிட்டேன், ஒரு பெரியவர் வந்து முன்னால் நின்றுகொண்டார். போவார் போவார் என்று பார்த்தால் போகவில்லை. "தம்பி, இது ஹாஸ்டலா இருந்தப்ப நான் இங்கதான் தங்கிப் படிச்சேன். இந்தக் குதிரைக் கழுத்துலதான் துண்டு காயப்போடுவோம். ரெண்டு பேரையும் சேத்து ஒண்ணு எடு" என்றார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றார். எடுத்துக் காட்டினேன், குதிரைக் கழுத்து சரியாக விழவில்லை என்று இன்னொன்று எடுக்கச் சொன்னார். அதற்குள் பட்டுக்கோட்டை பஸ் வந்துவிட்டது, ஓடிப்போய் ஏறிவிட்டார். பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன், யாரிடம் கொடுப்பது? ஒரத்தநாட்டுக்காரர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

மேலமாசி வீதி:
சத்திரம் என்றாலே தஞ்சாவூர்தானா? மதுரை ஜங்ஷனுக்கு எதிரிலேயே ராணி மங்கம்மாள் பெயரில் நிற்கிறதே, பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் அதைத் தாண்டித்தான் போகிறோம், எத்தனை பேர் நிமிர்ந்து பார்த்திருப்போம்? நான் எடுக்கப் போனபோது கேபிள் வயர் சரியாகக் குறுக்கே தொங்கியது. பக்கத்துக் கடைக்காரத் தம்பி ஒன்றும் கேட்கவில்லை, ஷட்டர் இழுக்கிற கொக்கிக் கம்பியைக் கொண்டுவந்து வயரைத் தூக்கிப் பிடித்து "சீக்கிரம் எடுங்கக்கா, கை வலிக்குது" என்கிறான். கட்டடத்தை விட்டுவிட்டு அவனைத்தான் எடுத்தேன். வயரை எடிட்டிங்கில் அழிக்கலாமே என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். அழித்தால் அந்தக் கம்பி எதற்காம்?

ஒளிக்கண்:
இரண்டு பேருமே எந்த நேரத்தில் எடுத்தீர்கள் என்று சொல்லவில்லை, அதுதான் முக்கியம். நான் நீடாமங்கலம் யமுனாம்பாள் சத்திரத்துக்குப் போனேன், பூட்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் பொதுவாகச் சொல்கிறேன். கல்லில் புடைப்புச் சிற்பம் என்றால் உச்சிவெயில் ஆகவே ஆகாது, வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால்தான் செதுக்கல் எழும்பித் தெரியும். முற்றம் வைத்த கட்டடங்களில் முற்றம் வெளுத்துப்போகும், தாழ்வாரம் கறுத்துப்போகும், அதனால் வெளிச்சமான இடத்துக்கு அளவு வைத்து எடுத்துவிட்டு இருட்டை அப்புறம் எடிட்டிங்கில் தூக்கிக்கொள்ளுங்கள். போனை அண்ணாந்து பிடித்தால் தூண்களெல்லாம் உள்பக்கம் சாயும், பின்னால் நகர்ந்து நேராகப் பிடியுங்கள், தரை அதிகமாக வந்தால் வெட்டிக்கொள்ளலாம். எண்ணெய் ஏறிய பழைய மரத்தூணில் ஃபிளாஷ் அடிக்காதீர்கள், பளபளவென்று கெட்டுப்போகும். பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால் கேமரா வைக்கிற முக்காலிக்கு முன்கூட்டியே அனுமதி கேட்பார்கள், அது இல்லாமல் திண்ணையிலேயே கேமராவை வைத்து எடுக்கப் பழகுங்கள். முக்கியமாக, விடியற்காலையில் போங்கள், ஆள் இருக்காது.

தேம்ஸ் கரை:
ஒளிக்கண் சாருக்கு ஒரு வணக்கம். மேலே இரண்டு பேரும் சொன்னது ஆளைப் பற்றி, நீங்கள் ஆள் இல்லாத நேரம் சொல்கிறீர்கள். லண்டன் சவுத்வார்க்கில் ஜார்ஜ் இன் என்று ஒரு பழைய பயணியர் விடுதி, தீவிபத்துக்கு அப்புறம் 1677இல் திரும்பக் கட்டியது. குதிரை வண்டிகள் வந்து நின்ற முற்றம், மாடியில் மரத் தாழ்வாரம், இந்த மாதிரி தாழ்வாரத்தோடு லண்டனில் மிஞ்சியது இது ஒன்றுதான். விடுதியாக இல்லை, இப்போது பப். சாயங்காலம் முற்றம் முழுக்கக் கூட்டம். தாழ்வாரம் அடுத்த பக்கத்துக்குத் திரும்பும் என்று நினைத்துக் கேமராவைக் கண்ணில் வைத்தபடியே நகர்ந்தால், சட்டென்று அங்கேயே முடிந்துவிடுகிறது. மற்றப் பக்கங்களை 1889இல் ரயில்வேக்காரர்கள் இடித்துவிட்டார்களாம். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் நேஷனல் டிரஸ்டிடம் மிஞ்சியது ஒரு பக்கம்தான். அந்த முனைக்குக் கீழே ஒரு தம்பதி சாவகாசமாகப் பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள், அவர்களையும் சேர்த்தே எடுத்தேன். வெயிலும் பக்கவாட்டில்தான் விழுந்தது சார், தற்செயலாக.