சிறுதொழில் செய்வோருக்கு நிதிப் பயிற்சி: எதை வைப்பது, எதை வெட்டுவது?

கேள்வி

வணக்கம். வாரம் ஒரு வகுப்பு, மூன்று மணி நேரம், ஆறு வாரம் என்று ஒரு நிதிப் பயிற்சிக்குப் பாடத்திட்டம் போடுகிறோம். வருகிறவர்கள் சிறு கடை வைத்திருப்பவர்கள், தைத்துக் கொடுப்பவர்கள், சமைத்து விற்பவர்கள். பெரும்பாலும் நுண்கடன் வாங்கியவர்கள். கையில் இருக்கும் பழைய பாடத்திட்டம் நாளேடு (அன்றாட வரவு செலவுப் பதிவு), பேரேடு (அதைக் கணக்கு வாரியாகப் பிரித்து எழுதுவது), லாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு (சொத்தும் கடனும் காட்டும் பட்டியல்) என்று போகிறது. மூன்றாம் வாரத்திலேயே கூட்டம் பாதியாகிவிடும், முடித்தவர்களும் நோட்டைத் தொடுவதில்லை என்கிறார்கள் முன்பு நடத்தியவர்கள். எதை வெட்டலாம்? பலன் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? பணம் கொடுக்கும் நிறுவனம் "லாபம் எத்தனை சதவீதம் கூடியது" என்றுதான் கேட்கும்.

பதில் 1

பேரேட்டையும் இருப்புநிலைக் குறிப்பையும் தயங்காமல் வெட்டுங்கள். டொமினிக்கன் குடியரசில் ஒரு நுண்கடன் வங்கியின் வாடிக்கையாளர்களிடம் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். முடிவு 2014இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு முறையான கணக்குப் பாடம், இன்னொன்றுக்குச் சில எளிய விதிகள் மட்டும். விதிகள் கற்றவர்களின் பழக்கம் மாறியது. கணக்குப் பாடம் கற்றவர்களிடம் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

முதல் விதி, தொழில் பணமும் வீட்டுப் பணமும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. இதற்கே இரண்டு வகுப்பு ஒதுக்குங்கள். "பிரித்து வையுங்கள்" என்று சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். மறுநாளே பள்ளிக் கட்டணம் கல்லாவிலிருந்து போகும். எனவே முதல் இரண்டு வாரம் எதையும் தடுக்க வேண்டாம். கல்லாவிலிருந்து வீட்டுக்கு எடுக்கும்போதெல்லாம் தொகையை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள், அவ்வளவுதான். கடைச் சரக்கை வீட்டுக்கு எடுத்தாலும் வாங்கிய விலைக்குச் சீட்டு. பலரும் கணக்கில் விடுவது இந்தச் சரக்கைத்தான்.

சீட்டுகளைக் கூட்டினால் வீடு வாரத்துக்கு எவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்துவிடும். அது லாபத்தைவிட அதிகமானால் போட்ட முதல் கரைகிறது என்று பொருள். மூன்றாம் வாரம் முதல் லாபத்துக்குள் அடங்கும் ஒரு தொகையைத் தனக்குச் சம்பளமாக, வாரத்தில் ஒரே நாளில் எடுக்க வேண்டும். இடையில் எடுத்தால் அடுத்த சம்பளத்தில் கழியும். கைபேசியில் பணம் வருகிறவர்களுக்குத் தொழிலுக்கென்று தனிக் கணக்கு வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியைப் பிரித்தது வீண்.

அடுத்தது, ஒவ்வொரு விற்பனையையும் எழுதச் சொல்லாதீர்கள். கூட்ட நேரத்தில் நடக்காது. கடை மூடும்போது ஐந்து எண் போதும். காலையில் கல்லாவில் 500, இரவில் 1,850, சரக்கு வாங்கியது 1,200, வீட்டுக்கு எடுத்த ரொக்கத்தின் சீட்டு 300, பழைய கடன் வசூல் 150 என்றால் அன்றைய ரொக்க விற்பனை 1,850 + 1,200 + 300 − 500 − 150 = 2,700. பொதுவாக இது தப்புவது இரண்டு இடத்தில்: சரக்குக்கு வீட்டுப் பணத்திலிருந்து கொடுத்துவிட்டு எழுதாமல் விடுவது, கடையில் வேறு ஆள் உட்கார்ந்த நேரத்தில் சீட்டு விழாமல் போவது. கடனாகக் கொடுத்த சரக்கு இதில் வராது, அதற்குத் தனிப் பக்கம்.

லாபம் பார்க்க மாதம் ஒரு முறை சரக்கை எண்ணியே ஆக வேண்டும். மாதத் தொடக்க இருப்போடு கொள்முதலைக் கூட்டி, கடைசி இருப்பையும் வீட்டுக்கு எடுத்த சரக்கையும் கழித்தால் விற்ற சரக்கின் அடக்கவிலை. ரொக்கமும் கடனுமாக விற்ற மொத்தத்திலிருந்து அதையும் வாடகை, கரண்ட், கூலியையும் கழித்தால் மிச்சம்தான் லாபம்.

பதில் 2

மேலே சொன்னதோடு தள்ளுபடிக்கும் வட்டிக்கும் ஒரு வகுப்பு சேருங்கள்.

80க்கு வாங்கி 100க்கு விற்கிற பொருளுக்கு 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் லாபம் 20இலிருந்து 10 ஆகிவிடும். பழைய லாபத்தைத் தொட இரண்டு மடங்கு விற்க வேண்டும். வகுப்பில் கேட்டுப் பாருங்கள், "பத்து சதவீதம் கூட விற்றால் சரியாகிவிடும்" என்றுதான் பதில் வரும்.

ஃபிளாட் வட்டியில் 10,000 கடன், ஆண்டுக்கு 20 சதவீதம் என்றால் மாதம் 1,000 வீதம் 12 தவணை. அசல் மாதாமாதம் குறைந்தாலும் வட்டி முழு 10,000க்கே போடப்படுகிறது. குறையும் நிலுவை முறையில், அதாவது மீதி அசலுக்கு மட்டும் வட்டி போட்டுப் பார்த்தால், இது ஆண்டுக்குச் சுமார் 35 சதவீதம். முன்கூட்டியே கட்டணம் பிடித்தால் இன்னும் ஏறும். சூத்திரம் கற்றுத்தர வேண்டாம். "கையில் எவ்வளவு வரும், மொத்தம் எவ்வளவு கட்டுவேன், எத்தனை தவணை" என்று மூன்று கேள்வி கேட்கப் பழக்குங்கள். இந்த வகுப்பு கடன் கைக்கு வருவதற்கு முந்தைய வாரம் இருக்கட்டும். ஆறு மாதம் முன்னால் சொன்னது கையெழுத்துப் போடும்போது நினைவிருக்காது.

பதில் 3

அளவிடுவது பற்றி. இலங்கைச் சிறுதொழில்களிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. வரவு செலவைக் கிளறிக் கிளறிக் கேட்டுக் கூட்டிக் கழிப்பதைவிட, "போன மாதம் எல்லாச் செலவும் போகக் கையில் நின்றது எவ்வளவு" என்று நேராகக் கேட்பதே உண்மைக்குப் பக்கத்தில் வருகிறது என்றது. கணக்கு நோட்டு கொடுத்தவர்கள் சொன்ன விற்பனையும் செலவும் மாறின, லாபம் மாறவில்லை. ஆகவே பயிற்சிக்குப் பின் "விற்பனை கூடியது" என்று வந்தால் நம்பிவிடாதீர்கள். முன்பு எழுதாததை இப்போது எழுதுவதாலும் அப்படி வரலாம். பயிற்சி இன்னும் பெறாதவர்களிடமும் அதே மாதத்தில் கேளுங்கள், பண்டிகை மாதத்தைப் பயிற்சியின் பலன் என்று எண்ணாமல் இருக்க.

கணக்குப் பாடத்திலிருந்து பெரிய லாபத்தை எதிர்பார்க்கவும் கூடாது. டோகோவில் 1,500 சிறுதொழில் செய்வோரிடம் நடந்த சோதனையில் (2017) தானாக முன்வந்து புதியதைச் செய்யும் மனப்பாங்கைப் பழக்கிய பயிற்சி லாபத்தை 30 சதவீதம் உயர்த்தியது. வழக்கமான வணிகப் பயிற்சிக்கு வந்தது 11 சதவீதம். அதுவும் தற்செயல் அல்ல என்று உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. வகுப்புக்குப் பிறகு நான்கு மாதம், மாதம் ஒரு முறை பயிற்றுநர் நேரில் போயிருக்கிறார். உங்கள் திட்டத்தில் அந்த வருகைக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறீர்களா?

கேட்டவர்

வருகைக்கு ஒதுக்கவில்லை, ஆறு வகுப்பை ஐந்தாக்கி அதில் எடுக்கப் பார்க்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சீட்டு முறை சரிப்படுமா?

பதில் 1

சரிப்படும். எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியாதவர்கள் குறைவு. வீட்டுக்கு எடுத்த பணம் ஒரு நிறம், எடுத்த சரக்கு இன்னொரு நிறம், கடன் கொடுத்தது மூன்றாவது. சீட்டில் தொகை மட்டும். கடன் சீட்டில் வாங்கியவரை அடையாளம் காண அவர்களே ஒரு குறி வைத்துக்கொள்ளட்டும், அதை நீங்கள் வரைந்து கொடுக்காதீர்கள். கடன் திரும்பியதும் சீட்டைக் கிழித்துவிடாமல் வசூல் கவருக்கு மாற்றச் சொல்லுங்கள். அன்றிரவுக் கணக்கில் 150 அங்கிருந்துதான் வரும்.