எதையும் பிரித்துப் பார்க்காத எனக்குப் பொறியியல் ஒத்துவருமா?

கொண்டலாம்பட்டி மாணவி

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். பிளஸ் டூ முடித்திருக்கிறேன். கணிதம் 91, இயற்பியல் 74, வேதியியல் 80. கணிதம் முழுதாகவும் மற்ற இரண்டும் பாதியாகவும் சேர்ந்து கட்-ஆஃப் 200-க்கு 168 வருகிறது. பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்துவிட்டேன். சேலம் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதத்துக்கும் விண்ணப்பித்திருக்கிறேன்.

வீட்டில் யாரும் இதைப் படி, அதைப் படி என்று கட்டாயப்படுத்தவில்லை. அதனாலேயே எனக்குத் தூக்கம் வரவில்லை. சின்ன வயதிலேயே ரேடியோவைப் பிரித்து மாட்டியவர்களுக்குத்தான் பொறியியல் என்று எங்கள் தெருவில் சொல்கிறார்கள். நான் ஒரு டார்ச் லைட்டைக்கூடப் பிரித்ததில்லை. அப்பாவுக்கு நான்கு விசைத்தறிகள். பருத்தி வேட்டி ஓடுகிறது. ஓடுகிற தறியின் அருகே போகவே எனக்குப் பயம்.

நான் செய்தது ஒன்றுதான். தேர்வு முடிந்த நாளிலிருந்து, எந்தத் தறியில் எந்த நேரத்தில் பாவு இழை, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், அறுகிறது என்று ஒரு பழைய நோட்டில் கோடு போட்டு வருகிறேன். வெயில் ஏறிய மதியத்தில் நான்கு தறியிலும் அதிகம் அறுகிறது. பொழுது சாய்ந்தால் குறைகிறது. மூன்றாம் தறி மட்டும் எந்நேரமும் மோசம். இதை யாரும் செய்யச் சொல்லவில்லை, சும்மா செய்தேன்.

இப்படிப்பட்டவள் அந்த நான்கு ஆண்டுகளைத் தாக்குப்பிடிப்பேனா?

நூற்பாலைப் பராமரிப்பு, 22 ஆண்டுகள்

கண்ணு, நீ "சும்மா" என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை மூன்று முறை படித்தேன். ரேடியோ கதையை விடு. நானும் எதையும் பிரித்ததில்லை. பிரிக்க வீட்டில் எதுவும் இருந்ததில்லை. கருவியைப் பிடிக்கும் கை முதலாண்டுப் பட்டறையிலேயே பழகத் தொடங்கிவிடும். பயத்தோடு தொடுகிறவர்கள் விரலை இழப்பதில்லை என்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

மதியத்தில் இழை அறுவதற்குக் காரணம் காற்று காய்ந்துபோவது. பருத்தி நூல் ஈரத்தை இழந்தால் வலு குறையும். பெரிய ஆலைகளில் தறிக்கூடத்தின் ஈரப்பதத்தை 75 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருப்பதற்கென்றே தனி இயந்திரம் ஓடும். உன் அப்பா தரையில் தண்ணீர் தெளிப்பாரே, அதே வேலைதான். பாடம் படிக்காமலே நீ அதைக் கணக்கில் பிடித்துவிட்டாய்.

ஆனால் மூன்றாம் தறிக்குக் காற்றைக் குறை சொல்ல முடியாது. நான்கு தறிக்கும் ஒரே காற்றுதானே? இழை எங்கே அறுகிறது என்று பார். எப்போதும் ஒரே இடத்தில் என்றால், பாவு இழைகள் நுழைந்து வரும் சீப்பு போன்ற அச்சில் ஏதோ ஒரு பல் தேய்ந்தோ வளைந்தோ நூலை அரிக்கிறது. கண்ட இடத்தில் என்றால் நூலையோ அதற்குப் போட்ட கஞ்சியையோ சந்தேகப்படு. அப்பாவைக் கூட வைத்துக்கொண்டு, தறி நின்றிருக்கும்போது மட்டும் பார்.

ஏற்காட்டிலிருந்து

மறுபக்கத்தையும் கேட்டுவிடுங்கள். நான் சிவில் சேர்ந்து இரண்டாம் ஆண்டில் விலகி, பி.எஸ்சி. கணிதம் படித்தவன். இப்போது பள்ளியில் கணிதம் சொல்லித்தருகிறேன். மதிப்பெண் குறைந்து விலகவில்லை. கான்கிரீட் உத்திரத்தை வடிவமைக்கும்போது, அது தாங்க வேண்டிய பாரத்தை 1.5 ஆல் பெருக்கச் சொல்வார்கள். ஏன் 1.4 இல்லை, ஏன் 1.6 இல்லை? விதிநூலில் அப்படி இருக்கிறது, அனுபவத்தில் வந்தது என்றார் ஆசிரியர். அவர் சொன்னது சரியான பதில். ஆனால் எனக்கு நிரூபணம் வேண்டியிருந்தது.

என் அறைத்தோழன் நேர்மாறு. ஒருமுறை என்னோடு ஊருக்கு வந்தான். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பஸ் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, தடுப்புச் சுவர்களில் நீர் வடிய விட்டிருக்கும் துளைகளைப் பார்த்துக்கொண்டே வந்தான். மழைநீர் பின்னால் தேங்கினால் சுவரைத் தள்ளிவிடும் என்று அவன் விளக்கியபோது நான் மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. உங்கள் நோட்டில் எது உங்களை இழுக்கிறது? எண்களின் ஒழுங்கா, தறி நிற்காமல் ஓட வேண்டும் என்பதா? ஒழுங்குதான் என்றால் கலைக் கல்லூரியைத் தயங்காமல் எடுங்கள். அது இரண்டாம் தரமான முடிவு அல்ல.

கருப்பூர் முன்னாள் மாணவி

ஒன்று மட்டும், தங்கச்சி. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் உனக்கு இடம் கேட்கலாம். அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. பணத்தை நினைத்து எந்த முடிவும் எடுத்துவிடாதே.

கொண்டலாம்பட்டி மாணவி

எல்லோருக்கும் நன்றி. அக்கா, ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான். அந்த ஒதுக்கீட்டிலும் கேட்கப் போகிறேன். ஏற்காடு அண்ணன் கேட்டதை இரவு முழுவதும் யோசித்தேன். பதில் கிடைப்பதற்குள் விடிந்துவிட்டது, தறிக்கூடத்துக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் தறியில் இன்று மாலைவரை எட்டு முறை அறுந்தது. ஒவ்வொரு முறையும் அப்பா தறியை நிறுத்திய பிறகு அருகில் போய்ப் பார்த்தேன். ஏழு முறை ஒரே இடம்: வலது கரையிலிருந்து நான்கு விரல் தள்ளி. அப்பா விரலால் தடவிப் பார்த்து, அச்சில் ஒரு பல் சொரசொரப்பாக இருக்கிறது என்றார். நாளை அதைச் சரிசெய்கிறார். நானும் கூட நிற்கிறேன்.

பராமரிப்பு ஐயா, எட்டாவது முறை மட்டும் நட்டநடுவில் அறுந்தது. அது ஏன்?